ஊர் சாகவில்லை, ஆள்தான் கிடைக்கவில்லை

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. பட்டிமன்ற மேடையில் ஒருவர் திண்ணையை நினைத்து உருகுகிறார். ஏதோ ஒரு வார இதழ் கமலை இறைத்த கிணற்றின் படத்தைப் போட்டு, இனி இதை எங்கே பார்ப்போம் என்று கேட்கிறது. வாட்ஸ்அப்பில் பெயரில்லாத ஒரு நீண்ட கடிதம் சுற்றுகிறது. அந்தக் காலத்தில் ஊரே ஒரு குடும்பம். உப்பைத் தவிர எதையும் வெளியிலிருந்து வாங்கியதில்லை. ஏரி தூர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நின்றான். பிறகு சினிமா வந்தது, டி.வி. வந்தது, டாஸ்மாக் வந்தது, இலவச அரிசி வந்தது, கடைசியில் நூறு நாள் வேலை வந்து மிச்சமிருந்த உயிரையும் எடுத்துவிட்டது. இதுதான் கடிதத்தின் சாரம்.

இதைப் பகிர்கிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இயற்கை வேளாண்மை ஆர்வலர் பகிர்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பகிர்கிறார், டெக்சாஸில் மென்பொருள் எழுதுகிறவர் பகிர்கிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத கட்சிக்காரர்கள் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். கிராமம் நன்றாக இருந்தது, கெட்டுவிட்டது, செத்துக்கொண்டிருக்கிறது என்பது தமிழ்ப் பொதுப்புத்தியில் இன்று கேள்வி கேட்க முடியாத உண்மையாகிவிட்டது.

ஏக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. பிள்ளைப்பிராயத்து ஊர்மேல் யாருக்கும் ஏக்கம் இருக்கலாம். அதற்குக் கணக்குக் கேட்பது நாகரிகமில்லை. ஆனால் அந்த ஏக்கம் வரலாறாக வேஷம் கட்டி, அங்கிருந்து கொள்கையாக மாறி, ஒரு கூலிக்காரியின் வேலை நாட்களை வெட்டச் சொல்லும்போது கணக்குக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தன்னிறைவுக் கதையை முதலில் முடித்துவிடலாம். அதற்கு அதிக நேரம் ஆகாது. இந்தியக் கிராமங்கள் குட்டிக் குடியரசுகள், வெளியிலிருந்து ஏறக்குறைய எதுவும் தேவைப்படாதவை என்று 1830இல் எழுதியவர் சார்லஸ் மெட்காஃப் என்ற கம்பெனி அதிகாரி. வடஇந்தியாவில் நிலவரியை யாரிடம், எப்படி வசூலிப்பது என்ற விவாதத்துக்காக எழுதிய குறிப்பு அது. அதே சித்திரம் 1853இல் மார்க்ஸின் பத்திரிகைக் கட்டுரைகளில் வசையாகவும், பிறகு காந்தியிடம் வாழ்த்தாகவும் மறுபிறவி எடுத்தது. 1960இல் சமூகவியலாளர்கள் எம்.என். சீனிவாசும் ஏ.எம். ஷாவும் ‘எகனாமிக் வீக்லி’யில் அது ஒரு கட்டுக்கதை என்று நிதானமாக விளக்கி எழுதினார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் வெளியூரில். மாடு வாங்குவது சந்தையில். இரும்பு, உப்பு, நகை எதுவும் உள்ளூரில் விளைவதில்லை. கும்பிடப் போகும் சாமியும் பல வேளை பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. ரயத்துவாரி முறையில் கிஸ்தியைப் பணமாகக் கட்டவேண்டியிருந்தவன் விளைச்சலை விற்காமல் எப்படிக் கட்டியிருப்பான்?

தமிழ்நாட்டில் இதற்கு ஆய்வுக் கட்டுரைகூடத் தேவையில்லை, காரைக்குடிப் பக்கம் ஒரு தெருவில் நடந்தால் போதும். ‘பாரம்பரியக் கிராமத்து வீடு’ என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் அந்த மாளிகைகளின் தூண்கள் பர்மாத் தேக்கு, அவற்றைக் கட்டிய செட்டியார்களின் பணம் ரங்கூனிலும் மலாயாவிலும் சம்பாதித்தது. அதே சீமையிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் செட்டியார்கள் கப்பலேறிய காலத்திலேயே கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மாளிகை இல்லை, ஆதலால் நினைவுச்சின்னமும் இல்லை. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலில் முதல் கூலிகளை இறக்கியது. ஊரைவிட்டுப் போவது நேற்று டி.வி. பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கமில்லை.

போனவர்களை ஊர் எப்படி நினைவில் வைத்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. திரும்பி வந்தவர்களில் பலருக்குப் பூர்வீக ஊர் என்று ஒன்று ஆவணத்தில் இருந்ததே தவிர, அங்கே காலூன்ற இடமிருக்கவில்லை. கணிசமானவர்களை அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு அங்கே கொண்டுபோய் வைத்தது. ஊரே ஒரு குடும்பம் என்று சொல்கிறவர்கள் அந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு இலை போட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்து, கிராமம் காலியாவது எப்போது ஆரம்பித்தது என்ற கேள்வி. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி, ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் கொடுத்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் போன நேரத்திலேயே அக்கிரகாரத்திலிருந்து படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நகரத்துக்குப் போவது பழைய கதையாகிவிட்டிருந்தது. ஊரின் அதிகாரம் பிராமணர்களிடமிருந்து பிராமணரல்லாத நிலவுடைமையாளர்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதே மாவட்டத்தில் 1950களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் காத்லீன் கஃப் பார்த்த ‘கும்பபேட்டை’யின் கதையும் இதுதான், 1976இல் அவர் திரும்பி வந்தபோது அந்த நகர்வு இன்னும் முற்றியிருந்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளை பம்பாய்க்கும் டெல்லிக்கும் போய் நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோது யாரும் கிராமம் செத்தது என்று எழுதவில்லை. பையன் முன்னுக்கு வந்தான் என்றார்கள். அடுத்து ஊரின் நடுத்தர நிலக்காரர் மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படித்தான், அதுவும் முன்னேற்றம்தான். காலனித் தெருவிலிருந்து ஒருவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனானோ இல்லையோ, கிராமம் அழிகிறது என்று ஒப்பாரி கிளம்பிவிட்டது. ஒரே செயலுக்கு, செய்கிறவனைப் பொறுத்து, இரண்டு பெயர்.

இங்கிருந்துதான் என் வாதம். செத்துவிட்டதாகச் சொல்லப்படுவது ஊர் இல்லை. ஓர் ஊரில் ஒரு தரப்பார் இன்னொரு தரப்பாரின் உழைப்பைக் கூப்பிட்ட நேரத்துக்குக் கூப்பிட்ட கூலிக்குப் பெறும் வல்லமை போய்விட்டது. அந்த வல்லமைக்குத்தான் ‘ஒற்றுமை’ என்று பெயர் வைத்திருந்தோம்.

வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தான் என்ற குடிமராமத்துக் கதையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 39,000த்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றைப் பராமரித்ததில் ஊரின் பங்கு பெரியது, அதை மறுக்க முடியாது. ஆனால் யாருடைய உடம்பு அந்தப் பங்கைச் செலுத்தியது? 1858இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்து வேலை வாங்கவும், வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்தைச் செய்யாதவர்களிடம் அதற்கான தொகையை வசூலிக்கவும் அது வழி செய்தது. ஊர் தானாகக் கூடி மகிழ்ச்சியோடு மண் சுமந்திருந்தால் இப்படி ஒரு சட்டத்துக்கு வேலை என்ன? இதை வெள்ளைக்காரன் வந்து கெடுத்ததன் அடையாளம் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் மானிடவியலாளர் டேவிட் மாஸ் சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களைப் பற்றி எழுதியதைப் படிக்கவேண்டும். கண்மாய் நிர்வாகம் அங்கே எக்காலத்திலும் சாதி அதிகாரத்தோடும் பாளையக்காரர், ஜமீன்களின் தயவோடும் பின்னிக் கிடந்தது. மடை திறப்பதும் இரவெல்லாம் வரப்பில் நின்று தண்ணீர் பாய்ச்சுவதும் பெரும்பாலும் தலித்துகளின் பொறுப்பு. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் பெரும்பாலும் அவர்களுடையதில்லை.

கண்மாய் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கும் சோம்பேறித்தனம் காரணமில்லை. மின்சார மோட்டார் வந்ததும் வசதி உள்ளவர் தன் வயலில் கிணறு வெட்டினார். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. சொந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறவருக்கு ஊர்க் கண்மாயின் மடை பழுதானால் என்ன? கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியவர்களில் முதல் வரிசை அவர்களுடையது. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனதற்கும், தூர்ந்த கண்மாய்க்குள் பட்டா நிலம் ஊர்ந்து நுழைந்ததற்கும் நூறு நாள் வேலைக்குப் போன கிழவியிடம் கணக்குக் கேட்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். சொல்லப்போனால், பல ஊர்களில் பல வருடங்களுக்குப் பிறகு வரத்துக்கால்வாயில் மண்வெட்டி பட்டதே அந்தத் திட்டத்தில்தான். வேலையின் தரத்தைப் பற்றிக் குறை சொல்லலாம். நானும் சொல்வேன்.

இனி ‘ஊரே ஒரு குடும்பம்’. தஞ்சைப் பண்ணையாள் அந்தக் குடும்பத்தின் உறுப்பினன் என்றுதான் மிராசுதார்கள் சொல்லிவந்தார்கள்: கல்யாணத்துக்கு நெல், தீபாவளிக்குத் துணி, சாவுக்கு உதவி. சாட்டையடியும் சாணிப்பாலும் இதே குடும்பத்தின் தண்டனை முறைகள். அவற்றை நிறுத்தியது யாருடைய மனமாற்றமும் இல்லை, 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் சேரி சேரியாகப் போய்க் கட்டிய சங்கம். 1952இல் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளுக்கு இவ்வளவு கூலி, காரணமில்லாமல் நீக்கக்கூடாது என்றது. உடனே நடந்ததென்ன? பல மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்துத் தினக்கூலிகளாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பந்தம் என்றார்களே, அது சட்டப்படி கூலி கொடுக்கவேண்டிய நிலை வந்த மறுநாள் அறுந்தது. அறுத்தது சினிமா இல்லை, டாஸ்மாக்கும் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்கு முந்திய தகராறு கூலி உயர்வு பற்றியது, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்வது பற்றியது. இன்று டெல்டாவில் மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் நாற்று நடுவதைப் பார்த்துக் காலம் கெட்டுவிட்டது என்கிறவர்கள், உள்ளூர்க்காரன் கூலி கேட்டபோது வெளியூர் ஆளைக் கொண்டுவரும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது யார் என்று தங்கள் பாட்டனாரின் காலத்துச் செய்தித்தாளைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பண்ணையாளின் நிலையைப் புரிந்துகொள்ள கூலியைவிட முக்கியமான ஒன்று உண்டு: அவன் குடிசை யார் நிலத்தில் நின்றது என்பது. பெரும்பாலும் மிராசுதார் நிலத்தில். எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, கூரையும் போகும். இரவோடு இரவாகக் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். இந்த ஒரு பிடியே மற்ற எல்லாப் பணிவுக்கும் அடித்தளம். 1971இல் தமிழ்நாடு அரசு குடியிருப்பு அனுபவதாரர் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து, விவசாயத் தொழிலாளி குடிசை போட்டிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்கியது. நில உச்சவரம்புச் சட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் நூறில் ஒரு பங்குகூட இந்தச் சட்டத்துக்குக் கிடைக்கவில்லை. வயல் கொடுக்கவில்லை, சில சென்ட் மனைதானே கொடுத்தார்கள் என்று இடதுசாரிகளும் இதை இளப்பமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் கிழக்குத் தமிழகத்தின் கிராம அதிகாரத்தை உள்ளிருந்து தளர்த்தியவற்றில் அந்தச் சில சென்டுக்குப் பெரிய இடமுண்டு என்பது என் துணிபு. வெளியேற்ற முடியாத ஒருவனோடுதான் கூலி பேச முடியும்.

1980 நவம்பரில் இன்னொன்று நடந்தது. ஊர்க் கணக்கும் நிர்வாகமும் பார்த்த கர்ணம், மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பரம்பரை உரிமை செல்லாது என்று 1960லேயே உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் சொல்லியிருந்தும், நடைமுறையில் ஒரே சில குடும்பங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த பதவிகள் அவை. யாருடைய வயல் எங்கே முடிகிறது, யார் சாகுபடி செய்கிறார், எது புறம்போக்கு என்ற ஊரின் ஞாபகமெல்லாம் அதுவரை ஒரு வீட்டுப் பரணில் இருந்தது. தேர்வு எழுதி வந்த வெளியூர் கிராம நிர்வாக அலுவலரிடம் அது போயிற்று. அவர் லஞ்சம் வாங்குகிறார் என்று சொல்வீர்கள். வாங்கலாம். எல்லோரிடமும் வாங்குகிறார் என்பதே ஊரைப் பொறுத்தவரை ஒரு மாற்றம்தான்.

இனி, ‘காலியாகிவிட்டது’. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்கள் 48.4 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்ததும் கிராமமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். 2001இல் கிராமப்புறத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 3.49 கோடி, 2011இல் 3.72 கோடி. குறையவில்லை, கூடியிருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பத்தாண்டில் கணக்கெடுப்பு நகரங்கள் 111இலிருந்து 376 ஆயின. 5,000 பேருக்குமேல் மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முக்கியத் தொழில் செய்யும் ஆண்களில் நான்கில் மூன்று பங்குக்காவது விவசாயமல்லாத வேலை என்ற மூன்றும் பொருந்தினால் நிர்வாகத்தில் ஊராட்சியாகவே நீடிக்கும் ஊரையும் கணக்கெடுப்பு நகரம் என்று எண்ணுகிறது. அதாவது பல ஊர்கள் நகரத்துக்குப் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே வேறொன்றாகிவிட்டன.

எப்படி என்பதைப் பார்க்க நமக்கு ஓர் அபூர்வமான வசதி உண்டு. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். 1918இல் அது நூலாக வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலாபுரம், பாலக்குறிச்சி, தூசி என்ற அந்த ஊர்களுக்கு 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் போனார்கள், 1960களிலும் 1980களிலும் வேறு ஆய்வாளர்கள் போனார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலுள்ள இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி போனார்கள். ஒரு தமிழ்க் கிராமத்தை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் விட்டுவிட்டுப் படம் பிடித்ததுபோல அது. 1916இல் ஊரின் பெரும்பகுதி நிலமும் படியாட்களும் ஒரு பெரிய ரெட்டியார் குடும்பத்தின் பிடியில். 1980களிலும் அந்தப் பிடி கண்ணுக்குத் தெரிந்தது. 2008இல் அது தளர்ந்திருந்தது. காரணம் புரட்சி இல்லை, நிலப் பங்கீடும் இல்லை. தலித்துகளும் வன்னியர்களும் ஊருக்கு வெளியே பிழைக்க வழி கண்டிருந்தார்கள். பெரிதாகப் பணக்காரர் ஆகவில்லை, ஆனால் பெரிய வீட்டை நம்பி இருக்கவேண்டிய அவசியம் விட்டுப்போயிருந்தது.

‘வெளியேற்றம்’ பேசுகிறவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. தமிழ்நாட்டில் பெருவாரியாக நடந்திருப்பது குடிபெயர்வு இல்லை, தினப் போக்குவரத்து. 1972இலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் கிராமம் கிராமமாக டவுன் பஸ் விட்டன; பிறகு டி.வி.எஸ். 50 வந்தது, மில் வேனும் கம்பெனி பஸ்ஸும் வந்தன. 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. கொத்தனார் வேலைக்கு, நூற்பாலைக்கு, ஸ்ரீபெரும்புதூருக்குக் காலையில் போய் இரவு திரும்புகிறவருக்கு ஊர் என்பது வேலை செய்யும் இடமில்லை, வீடு இருக்கும் இடம். நூற்றாண்டுகளாக வேலையிடமும் வீடும் ஒன்றாக இருந்ததால்தான் முதலாளியும் பக்கத்துத் தெருக்காரரும் ஒரே ஆளாக இருந்தார். அந்த முடிச்சு அவிழ்ந்ததே கடந்த ஐம்பது ஆண்டுகளின் மிகப் பெரிய கிராம மாற்றம். குடும்ப அட்டை, ஓட்டு, குலதெய்வம், மனைப்பட்டா எல்லாம் ஊரில்தான் இருக்கின்றன. ஊரைத் துறந்திருந்தால் கடன் வாங்கி அங்கேயே ஏன் கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள்? அந்த வீடுகள் அழகாக இல்லை என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. ஓலைக் கூரை அழகுதான், அதற்குள் மழையில் படுக்காதவர்களுக்கு.

இனி நூறு நாள் வேலை. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம், 2006 பிப்ரவரியில் விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், திருவண்ணாமலை, திண்டுக்கல், சிவகங்கை என்று ஆறு மாவட்டங்களில் தொடங்கியது. அன்றிலிருந்து டீக்கடை முதல் சட்டமன்றம்வரை ஒரே பாட்டு: “ஆளே கிடைக்கலீங்க, எல்லாம் மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டு காசு வாங்கிட்டுப் போறாங்க.” சரி, கணக்கைப் பார்ப்போம். 2001இல் தமிழ்நாட்டில் விவசாயக் கூலிகள் சுமார் 86 லட்சம். 2011இல் 96 லட்சம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். அதே பத்தாண்டில் தன் நிலத்தையோ குத்தகை நிலத்தையோ தானே சாகுபடி செய்கிறவர்கள் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தார்கள். விவசாயத்தைக் கைவிட்டது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

அப்படியானால் ஆள் கிடைக்கவில்லை என்பது பொய்யா? பொய்யில்லை. நடவுக் காலத்தில், நேற்றைய கூலிக்கு, கூப்பிட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு, “வா” என்றால் வருகிற ஆள் கிடைக்கவில்லை. கைபேசியில் பேசி, கூலியும் நேரமும் முடிவு செய்து, பத்துப் பேர் செட்டாக வருகிறவர்கள் கிடைக்கிறார்கள். அது பழைய உறவு இல்லை என்பதுதான் வருத்தம். இந்தப் புலம்பலும் புதிதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்கள் கப்பலேறிய காலத்திலேயே இது கேட்டது. இலவச அரிசியைப் பற்றிய கோபமும் இதே வகை. 2011இலிருந்து ரேஷன் அரிசி இலவசம். வீட்டில் அரிசி இருக்கிற பெண் குறைந்த கூலியை வேண்டாம் என்று சொல்ல முடியும். பசியை வைத்துக் கூலி பேசிப் பழகியவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள், அதிலும் வயதானவர்கள் கணிசம். வயலில் ஆணைவிடக் குறைந்த கூலியே எப்போதும் வாங்கியவர்களுக்கு அங்கே ஆணுக்குச் சமமான கூலி எழுதப்பட்டது, வங்கிக் கணக்கில் அவர்கள் பெயரில் விழுந்தது. இதைத் தாங்கிக்கொள்ள முடியாத விவசாயம் என்றால், அதுவரை அதைத் தாங்கிக்கொண்டிருந்தது எது?

விவசாயிக்கு நெருக்கடி இருக்கிறது. சராசரி நிலவுடைமை 2015–16இல் 0.75 ஹெக்டேர், அதை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. உரம், டீசல், கூலி எல்லாம் ஏறுகின்றன, நெல் விலை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் விலையைத் தீர்மானிக்கிறவர்களை நோக்கிப் போகாமல், வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளை நோக்கித் திரும்புவதற்குச் சாதியைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்ததையும் ஊர் செத்ததற்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. பிள்ளை பெறுவதே குறைந்த சமூகத்தில் ஒன்றாம் வகுப்பு எப்படி நிரம்பும்? முதியவர்கள் தனித்துப்போனது மட்டும் உண்மையான துயரம், அதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

இவ்வளவு சொன்னதால் கிராமம் விடுதலையாகிவிட்டது என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். அது இன்னொரு பொய். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான வார்த்தைகளுக்குக் காந்தியர்கள் வருந்தினார்கள்; அவர் குற்றம்சாட்டிய குறுகிய புத்தி இன்னும் பென்ஷன் வாங்கவில்லை. ஆனால் அதைப் ‘பழமையின் எச்சம்’ என்று சொல்வதும் தவறு. உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவர் ராஜராஜன் காலத்தது இல்லை, 1989இல் எழுந்தது. அதில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆயிற்று. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நுழைந்த காவல்படை அடித்து நொறுக்கியவற்றைக் கவனியுங்கள்: டி.வி. பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம். வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்த தலித் ஊர் அது. கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்றும் சான்றிதழ், பாஸ்போர்ட்டுகளை எரித்தார்கள் என்றும் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டது தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகும் தலித் ஒருவர் அந்த நாற்காலிக்கு முறையாக வர 2006 ஆயிற்று, பத்து ஆண்டுகள். வேங்கைவயலில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022இல்.

இவற்றை வரிசையாக வைத்தால் ஒன்று தெரிகிறது. வயலில் வேலை வாங்கும் அதிகாரம் கைநழுவிய பிறகு, சண்டை வேறு இடங்களுக்கு நகர்ந்திருக்கிறது: சுவர், சுடுகாட்டுப் பாதை, தண்ணீர்த் தொட்டி, தேர் போகும் தெரு, ஊராட்சி அலுவலகம், காதல் கல்யாணம். கூலிக்காரனாக அவனை அடக்க முடியாதவர்கள் குடிமகனாக அவனை அடக்கப் பார்க்கிறார்கள். பழைய கிராமம் திரும்பி வந்தால் இது ஓயும் என்று நினைப்பவர்கள் இந்த வன்முறையின் திசையையே தலைகீழாகப் படிக்கிறார்கள். அந்தக் கிராமத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியே அந்த வன்முறை.

மீண்டும் அந்தப் பொங்கல் கடிதக்காரரிடம் ஒரு கேள்வி. உங்கள் நிலத்தை இப்போது உழுவது யார்? சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு விட்டிருப்பீர்கள். எடுத்திருப்பவர் பல ஊர்களில் உங்கள் வீட்டுப் பழைய பண்ணையாளின் பேரனாக, அல்லது நிலமில்லாத ஒரு பெண்ணாக இருக்கிறார். கிராமம் செத்துவிட்டது என்று நீங்கள் எழுதும்போது அங்கே விவசாயம் செய்துகொண்டிருப்பவர் அவர்தான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பதிந்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தில் அவர் பெயரை நீங்கள் பதியவிடுவதில்லை. அடங்கலில் பெயர் இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை. புயலில் நெல் சாய்ந்தால் நிவாரணம் பட்டா வைத்திருக்கும் உங்கள் கணக்கில் வருகிறது. கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் போட மாட்டார். திண்ணையைப் பற்றி அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன் அந்தச் சம்மதத்தை எழுதிக் கொடுங்கள்.